பெர்மிட்டா, எஸ் பாஸா, ஈ பாஸா? சிங்கப்பூருக்குப் பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

போன மாதம் அக்கா மகன் வாட்ஸப்பில் சிங்கப்பூர் வேலைக்கான இரண்டு விளம்பரப் படங்கள் அனுப்பியிருந்தான். ஒன்றில் ‘பிசிஎம் பெர்மிட், பேசிக் ஒரு நாளைக்கு 22 வெள்ளி, ஓடி உண்டு, தங்குமிடம் இலவசம், மூன்றரை லட்சம்’ என்று இருந்தது. (வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர், பேசிக் என்பது அடிப்படைச் சம்பளம், ஓடி என்பது ஓவர்டைம்.) இன்னொன்றில் ‘எஸ் பாஸ், மினிமார்ட் வேலை, கையில் 1,500 வெள்ளி, ஆறு லட்சம், சீட் குறைவு’. கீழே அவன் எழுதியிருந்தான்: “மாமா, எஸ் பாஸ்தானே பெருசு? ஆறு லட்சம் புரட்டித் தர்றேன்னு அம்மா சொல்லுது.”

அவசரப்படாதே மாப்ள, ராத்திரி பேசுகிறேன் என்று பதில் போட்டேன். அன்று ராத்திரி ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் 2011ல் கம்பி கட்டும் வேலைக்கு டெஸ்ட் அடித்து கன்ஸ்ட்ரக்‌ஷன் பெர்மிட்டில் போனவன். ஏழு வருஷம் கழித்து அதே கம்பெனியில் சூப்பர்வைசராகி எஸ் பாஸுக்கு மாறினேன். இரண்டு அட்டையையும் சட்டைப்பையில் வைத்திருந்தவன் என்பதால் ஊரில் யாராவது கிளம்பினால் என்னிடம் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எந்த பாஸ் வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க முடியாது. சிங்கப்பூரில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பது முதலாளிதான். அனுமதி தருவது மனிதவள அமைச்சு. சம்பளம் எவ்வளவு, எந்தத் துறை, எந்த நாட்டுக்காரர், அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே எத்தனை வெளிநாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை வைத்து எந்த பாஸ் கிடைக்கும் என்பது முடிவாகிவிடும். நம் கையில் இருப்பது எந்த வேலையை ஒப்புக்கொள்வது என்பது மட்டும்தான். ஆனால் ஏஜென்ட்டுகள் பாஸைக் கடைச் சரக்குபோல விற்கிறார்கள். பெர்மிட் மூன்றரை, எஸ் பாஸ் ஆறு, ஈ பாஸ் எட்டு என்று விலைப்பட்டியலே வைத்திருக்கிறார்கள். விலை அதிகம் என்றால் பொருள் உசத்தி என்று நாமும் நம்பிவிடுகிறோம்.

பெர்மிட்

கீழ்ப்படியில் இருப்பது வொர்க் பெர்மிட். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் மூன்று துறைகளில்தான் கிடைக்கும்: கட்டுமானம், கப்பல் பட்டறை, பிறகு எண்ணெய், ரசாயன ஆலைகளைக் கட்டிப் பராமரிக்கும் பிராசஸ் துறை. ஊர் விளம்பரங்களில் வரும் பிசிஎம் பெர்மிட் இந்த மூன்றாவது வகை. கட்டுமானத்துக்கு இங்கேயே ஸ்கில் டெஸ்ட் அடித்து சான்றிதழ் வாங்க வேண்டும். சந்தை மதிப்பு எப்படி இருந்தாலும், இந்த மூன்றில் எது உங்கள் கைக்குப் பழகிய வேலையோ அதைப் பிடிப்பது நல்லது. வெல்டிங் தெரிந்தவன் கம்பி கட்டப் போய் முதுகை உடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மூன்று துறை பெர்மிட்டுக்கும் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டத்தில் எதுவும் இல்லை. ஐபிஏ என்று சொல்லும் முன் அனுமதிக் கடிதத்தில் முதலாளி என்ன எழுதிக் கொடுத்தாரோ அதுதான் சம்பளம். அதனால் பெர்மிட் எடுப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும் விட இந்தக் காகிதத்தைத்தான் கவனிக்க வேண்டும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

சம்பளக் கணக்கைப் பார்ப்போம். அக்கா மகனுக்கு வந்த விளம்பரத்தையே எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கு 22 வெள்ளி, மாதம் 26 நாள், ஆக பேசிக் 572. வாரம் 44 மணி நேரத்துக்கு மேல் செய்வதெல்லாம் ஓடி. மாதப் பேசிக்கை 12ஆல் பெருக்கி, 52 வாரம் பெருக்கல் 44 மணி, அதாவது 2,288ஆல் வகுத்தால் ஒரு மணி நேரச் சம்பளம் வரும். இங்கே சரியாக 3 வெள்ளி. ஓடிக்கு ஒன்றரை மடங்கு, 4 வெள்ளி 50 காசு. மாதத்துக்கு அதிகபட்சம் 72 மணி நேரம்தான் ஓடி செய்ய விடலாம் என்பது பொது விதி. அந்த முழு ஓடியும் கிடைத்தால் 324. மொத்தம் 896 வெள்ளி. ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 58,000 ரூபாய் சொச்சம்.

சாப்பாடு, போன், ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) போய் வரும் செலவு என்று சிக்கனமாக 250 வெள்ளி கழியட்டும். மிச்சம் 646, ஏறக்குறைய 42,000 ரூபாய். மூன்றரை லட்சத்தை ஊரில் இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் அசலும் வட்டியும் அடைய ஒன்பது மாதம் தாண்டும். ஓடி குறைந்தால் ஒரு வருஷத்துக்கும் மேல். முதல் பெர்மிட் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்குத்தான் தருவார்கள். அதாவது பாதிக் காலம் ஏஜென்ட்டுக்கும் வட்டிக்காரருக்கும் உழைக்கிறோம்.

அப்படியானால் பெர்மிட் மோசமா? இல்லை. அதில் சில விஷயங்கள் முதலாளியின் தலையில் இருக்கின்றன. தங்குமிடம் அவர் பொறுப்பு. நம் பேரில் 5,000 வெள்ளி அரசாங்கத்துக்குப் பிணைத்தொகை உறுதி கொடுத்திருப்பார். வருஷத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். இது போக மாதாமாதம் லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்கு முதலாளி அரசுக்குக் கட்டும் வரி. கட்டுமானத்தில் 2024 ஜனவரியிலிருந்து சாதாரணத் தொழிலாளிக்கு 900 வெள்ளி, தேர்ந்த தொழிலாளிக்கு 500. கவனியுங்கள், 572 பேசிக் வாங்குகிறவனுக்காக முதலாளி அரசுக்கு 900 கட்டுகிறார். இந்த லெவியை நம் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது, பிடித்தால் குற்றம்.

லெவி நமக்கு என்ன சம்பந்தம் என்று விட்டுவிடக்கூடாது. பெர்மிட்காரன் மேலே ஏறும் வழி அதில்தான் இருக்கிறது. தேர்ந்த தொழிலாளி என்ற தரத்தை சைட்டில் ‘ஆர் ஒன்’ என்பார்கள், சாதாரணத் தரம் ‘ஆர் டூ’. நாலு வருஷ அனுபவம் வந்ததும் இரண்டாவது தொழிலுக்கும் டெஸ்ட் அடித்து ஆர் ஒன் ஆகிவிட்டால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பள உயர்வு கேட்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. நான் அந்த வருஷம்தான் முதல் முறை தைரியமாக ஆபீஸ் கதவைத் தட்டினேன். மிச்சமாகும் லெவியில் பாதியையாவது கேட்டுப் பார்ப்போம் என்று போனேன், 120 கொடுத்தார்கள்.

இன்னொரு மாற்றத்தைப் பலர் இன்னும் கவனிக்கவில்லை. முன்பு இந்தியத் தொழிலாளி ஆர் டூ என்றால் மொத்தம் 14 வருஷம், ஆர் ஒன் என்றால் 26 வருஷம்தான் பெர்மிட்டில் இருக்க முடியும். 2025 ஜூலை 1லிருந்து அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். வேலை செய்யும் உச்ச வயதும் 60லிருந்து 63 ஆகிவிட்டது. புதிதாக விண்ணப்பிப்பவருக்கு 50 வயதுதான் வரம்பு என்று இருந்ததை 61 ஆக்கிவிட்டார்கள். “பெர்மிட்ல போனா காலம் முடிஞ்சு துரத்திடுவான், எஸ் பாஸ்தான் நிரந்தரம்” என்று எந்த ஏஜென்ட்டாவது சொன்னால், அது பழைய கதை.

கெட்ட பக்கம் என்ன? குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. எத்தனை வருஷம் இருந்தாலும் பெர்மிட்டிலிருந்து பிஆர், அதாவது நிரந்தரவாசம், கேட்க முடியாது. அட்டையில் எழுதிய முதலாளியிடம், எழுதிய வேலை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறோம் என்று வேறு கடையில் பாத்திரம் கழுவப் போனால் அதுவும் சட்டவிரோதம். கம்பெனி மாறுவதும் லேசு இல்லை, ஆனால் வழி இருக்கிறது. கட்டுமானத்தில் பெர்மிட் முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரையிலான இடைவெளியில் புது முதலாளி விண்ணப்பித்தால் பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. இந்த மூன்று வாரத்தைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எஸ் பாஸ், நிஜமும் பொய்யும்

எஸ் பாஸ் நடுத்தரத் திறனாளிகளுக்கானது. டிப்ளமோ, டிகிரி அல்லது தொழில்நுட்பச் சான்றிதழ் இருக்க வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து புது விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்ச நிலையான மாதச் சம்பளம் 3,300 வெள்ளி. வங்கி, காப்பீடு போன்ற நிதித் துறையில் 3,800. இதுவும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவருக்குத்தான். வயது ஏற ஏற வரம்பும் ஏறி, 45 வயதில் 4,800 ஆகிறது. 35 வயதுக்காரருக்கு நாலாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தால்தான் கிடைக்கும். நிலையான சம்பளம் என்றால் ஓடி சேராது. ‘ஓடி சேர்த்து 3,300 வரும்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே கணக்கு உதைக்கிறது.

இதற்கும் கோட்டா உண்டு. சேவைத் துறையில், அதாவது கடை, உணவகம், கிளீனிங் போன்ற இடங்களில், மொத்த ஆட்களில் 10 சதவீதம் பேர்தான் எஸ் பாஸில் இருக்கலாம். கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறை, பிராசஸ் துறைகளில் 15 சதவீதம். லெவி மாதம் 650 வெள்ளி.

இப்போது அந்த மினிமார்ட் விளம்பரத்தை மறுபடி பாருங்கள். பத்துப் பேருக்கு ஒருவர் என்றால், ஒரு எஸ் பாஸ் எடுக்கவே கணக்கில் பத்துப் பேர் காட்ட வேண்டும். தெருமுனையில் மூன்று பேர் வேலை பார்க்கும் மினிமார்ட்டுக்கு எங்கிருந்து எஸ் பாஸ் வரும்? ஒன்று, ஆட்களைப் பொய்யாகக் கணக்கில் காட்டுகிறார்கள். இல்லையென்றால் பாஸ் ஒரு கம்பெனியின் பேரில், வேலை இன்னொரு கம்பெனியில். இரண்டில் எது என்றாலும் பரிசோதனைக்கு ஆள் வரும் நாளில் மாட்டுவது கல்லாவில் நிற்கிற நம்ம பையன்.

அடுத்தது சம்பளம். சட்டப்படி 3,300 காட்ட வேண்டிய பாஸுக்கு ‘கையில் 1,500’ என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். இது எப்படி நடக்கும் என்று நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என் அறையில் இருந்த ஒரு தம்பிக்கு மாதம் 7ஆம் தேதி வங்கிக் கணக்கில் முழுச் சம்பளமும் வந்துவிடும். அன்று சாயங்காலமே ஏடிஎம்மில் எடுத்து, ஐம்பது வெள்ளி நோட்டுகளாக எண்ணி, வெள்ளைக் கவரில் போட்டு, கடைக்குப் பின்னால் சரக்கு இறக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு வருவான். ரசீது கிடையாது, பேச்சு கிடையாது. காகிதத்தில் எல்லாம் சரி. அவன் ஒரு தடவை இரண்டு நாள் தாமதித்ததற்கு, பாஸைக் கேன்சல் செய்யட்டுமா என்று கேட்டார்கள். கணக்கு அறிக்கையை எடுத்து வைத்துக்கொள், என்றைக்காவது உதவும் என்று மட்டும் அவனிடம் சொன்னேன்.

வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் திருப்பி வாங்குவது அங்கே குற்றம். வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு வருஷம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பாஸுக்காகப் பொய்த் தகவல் கொடுப்பதற்குத் தனியாக 20,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு வருஷம் வரை சிறையும் உண்டு. தெரிந்தே உடன்பட்ட தொழிலாளிக்கும் இது பொருந்தலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாத பகுதி. ஆறு லட்சம் கட்டிப் போய் நாமும் குற்றவாளி ஆவது என்ன நியாயம்!

ஏன் இந்தப் பொய் எஸ் பாஸ் கடைகளிலும் உணவகங்களிலும் அதிகம்? காரணம் எளிது. சேவைத் துறையில் இந்தியர்களைப் பொதுவாகப் பெர்மிட்டில் எடுக்க முடியாது. அங்கே பெர்மிட்டுக்கு மலேசியா, சீனா போன்ற சில இடத்து ஆட்கள்தான். தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்றால் கடைக்காரருக்குச் சட்டப்படி மிஞ்சுவது எஸ் பாஸ். 3,300 கொடுக்க மனசோ வசதியோ இல்லை. நடுவில் ஏஜென்ட் வந்து கவர் யோசனை சொல்கிறார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து சில குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும் இந்தியா உள்ளிட்ட நாடுகளிலிருந்து பெர்மிட்டில் எடுக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். இந்திய உணவகச் சமையல்காரர், ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங் ஆள், உற்பத்தித் துறையில் வெல்டர் போன்றவர்கள் அதில் இருக்கிறார்கள். 2025 செப்டம்பரில் கனரக வாகன ஓட்டுநர், தொழிற்சாலை ஆபரேட்டர் என்று பட்டியலை நீட்டினார்கள். ஏஜென்ட்டுகள் ‘என்டிஎஸ் பெர்மிட்’ என்பது இதைத்தான். நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி என்பது நிபந்தனை. பரோட்டா, தோசை மாஸ்டராகப் போகிறவர் இன்றைக்கு 1,500 வெள்ளிப் பொய் எஸ் பாஸை எடுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. இதில் போனால் சட்டப்படியே 500 கூட, கவரும் கொடுக்க வேண்டாம். ஆனால் கல்லாவில் உட்காரும் வேலைக்கோ சர்வர் வேலைக்கோ இந்தப் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால், பட்டியலில் அந்த வேலை இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேசுங்கள்.

நிஜமான எஸ் பாஸ் வேறு ரகம். முழு 3,300ம் கையில் வந்தால், பெர்மிட்போல தங்குமிடம் தரமாட்டார்கள் என்பதால் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் நம் தலையில் விழுந்தாலும், சிக்கனக்காரன் மாதம் 2,000க்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். வேறு கம்பெனிக்கு மாறுவதும் பெர்மிட்டை விட எளிது. பிஆருக்கு விண்ணப்பிக்கத் தகுதி உண்டு. கிடைக்குமா என்பது தனிக் கதை. ஒரு கழுத்தறுப்பு மட்டும் இருக்கிறது. வரம்பை அவ்வப்போது உயர்த்திக்கொண்டே போகிறார்கள். 2023ல் 3,150 ஆக இருந்தது 2025ல் 3,300. புதுப்பிக்கும்போது அந்த நாளைய வரம்பைத் தொட வேண்டும். வயதும் கூடியிருக்கும். சம்பளம் ஏறாத எஸ் பாஸ் தானாகவே காலாவதியாகிற பாஸ்.

இரண்டு விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது? பொய் எஸ் பாஸில் கையில் 1,500. பகிர்ந்து தங்கும் அறைக்கு 350, சாப்பாடு 300, பயணமும் மற்றதும் 100 என்று கழித்தால் மிச்சம் 750 வெள்ளி. பெர்மிட்டில் 646. மாதத்துக்கு நூறு வெள்ளி வித்தியாசம், அவ்வளவுதான். ஆனால் கடன் ஆறு லட்சம், அதே இரண்டு வட்டிக்கு அடைய பதினாலு மாதம் ஆகும். அதற்குள் பிடிபடாமலும் இருக்க வேண்டும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியதும் அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்ப பேருதான் பெருசா மாமா?” என்றான்.

ஈ பாஸ்

எம்ப்ளாய்மென்ட் பாஸை நம் ஆட்கள் ஈ பாஸ் என்று சொல்கிறோம். ஐடி, வங்கி, பொறியியல் வடிவமைப்பு, மேலாளர் வேலைகளுக்கானது. 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. இங்கேயும் வயதுக் கணக்கு உண்டு, அதுவும் செங்குத்தாக ஏறும்: 45 வயதில் 10,700. சென்னையில் ஐடியில் இருக்கும் ஒரு நண்பருக்கு வயது 35. அவருக்கு 6,500 வெள்ளியில் வேலை வந்தது. 5,600ஐத் தாண்டிவிட்டோமே என்று ஈ பாஸ் உறுதி என நினைத்துவிட்டார். அவர் வயதுக்கு எட்டாயிரத்துக்கு மேல் வேண்டும். கம்பெனிக்குக் கோட்டா இருந்ததால் எஸ் பாஸ் போட்டார்கள். அவருக்கு ஒரே வருத்தம். ஆனால் குடும்பத்தைக் கூட்டிப்போகும் டிபென்டன்ட் பாஸுக்கு எஸ் பாஸ் ஆனாலும் ஈ பாஸ் ஆனாலும் ஒரே அளவுகோல்தான், மாதம் 6,000 வெள்ளி. மனைவியும் குழந்தையும் போய்ச் சேர்ந்த பிறகு வருத்தம் போய்விட்டது. மனைவி அங்கே வேலை பார்க்க வேண்டும் என்றால் அவருக்குத் தனியாக ஒரு பாஸ் வேண்டும். 2021 மே மாதத்துக்குப் பிறகு டிபென்டன்ட் பாஸை மட்டும் வைத்து வேலைக்குச் சேர முடியாது.

ஈ பாஸுக்குச் சம்பளம் மட்டும் போதாது. 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளிமுறை இருக்கிறது. சம்பளம், படிப்பு, கம்பெனியில் நாட்டினரின் கலவை, உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுக்கும் அளவு என்று நாலு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20 புள்ளி. மொத்தம் 40 வேண்டும். பற்றாக்குறைப் பட்டியலில் உள்ள தொழில் என்றால் கூடுதல் புள்ளி உண்டு. நமக்கு உதைப்பது மூன்றாவது தலைப்பு. கம்பெனியின் அலுவலக மட்டத்தில் கால்வாசியோ அதற்கு மேலோ இந்தியர்கள் இருந்தால், போகும் இந்தியருக்கு அதில் பூஜ்யம். ‘நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க’ என்பது அறை தேட நல்லது, ஈ பாஸுக்குக் கெட்டது. 25க்கும் குறைவான அலுவலர்கள் உள்ள சின்னக் கம்பெனிகளுக்குக் கடைசி இரண்டு தலைப்பிலும் தானாகவே 10 புள்ளி கிடைக்கும்.

ஈ பாஸுக்குக் கோட்டா இல்லை, லெவி இல்லை. அதனால் சம்பளத் தகுதி இருக்கும் இடத்தில் முதலாளிக்கும் அதுதான் வசதி. ஈ பாஸுக்கோ எஸ் பாஸுக்கோ நமக்குத் தேறுமா என்று பார்க்க மனிதவள அமைச்சின் இணையதளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. வயது, சம்பளம், படிப்பு போட்டால் சொல்லிவிடும். காசு கிடையாது, ஏஜென்ட் தேவையில்லை, பத்து நிமிஷ வேலை.

பணம் கொடுக்கக் கூடாதவை

பயிற்சி பாஸ்கள் என்று இரண்டு உண்டு. பயிற்சிக்கான வொர்க் பெர்மிட் ஆறு மாதம், பயிற்சி எம்ப்ளாய்மென்ட் பாஸ் மூன்று மாதம். இரண்டையும் நீட்டிக்க முடியாது. ‘போய்ச் சேர்ந்ததும் மாத்திக்கலாம்’ என்று சொல்லி இதற்கு லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். விசிட்டில் போய் வேலை தேடுவது தவறில்லை. விசிட்டில் இருந்துகொண்டு வேலை பார்த்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை. இதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தனிப் பெர்மிட். அதைப் பற்றி எழுத எனக்கு நேரடி அனுபவம் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: 2023 ஜனவரியிலிருந்து மாதத்தில் ஒரு நாளாவது, காசு கொடுத்து ஈடுகட்ட முடியாத கட்டாய ஓய்வு நாள் உண்டு.

காகிதத்தில் என்ன இருக்கிறது

எந்த பாஸாக இருந்தாலும் முடிவெடுக்கும் இடம் ஐபிஏதான். விமானம் ஏறும் முன் அது நம் கையில் இருக்க வேண்டும். பேசிக், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பெர்மிட்டுக்கு நம் மொழியிலும் கிடைக்கும். நம் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல், அமைச்சுக்கும் சொல்லாமல், அதில் உள்ள பேசிக்கைக் குறைக்கவோ பிடித்தத்தைக் கூட்டவோ முடியாது. போய் இறங்கிய மறுநாள் ஆபீஸில் ஒரு தாளை நீட்டி ‘எல்லாரும் போடுறதுதான்’ என்று கையெழுத்துக் கேட்பார்கள். அந்தத் தாள் பெரும்பாலும் இந்தச் சம்மதம்தான். படிக்காமல் போட்டுவிட்டு, மாதாமாதம் 80 வெள்ளி ‘தங்குமிடம்’ என்று கழிந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

ஐபிஏ எண்ணை வைத்து அது உண்மையானதா என்று அமைச்சின் இணையதளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூர் பக்க ஏஜென்ட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்பதற்கும் அங்கேயே பட்டியல் உண்டு. அந்த ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். 572 பேசிக்குக்கு அது 1,144 வெள்ளி, நம் பணத்தில் 75,000க்குள். இந்தியப் பக்கம் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று விதி சொல்லும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இரண்டையும் கூட்டினாலும் மூன்றரை லட்சம் எங்கே வருகிறது? நடுவில் ஊர் தரகர், டெஸ்ட் சென்டர், அங்கே கம்பெனிக்குள் ஒரு ஆள் என்று பிரித்துக்கொள்கிறார்கள். இதை ஒரே நாளில் யாரும் மாற்ற முடியாது. ஆனால் பேரம் பேசும்போது இந்த எண் மனதில் இருந்தால் தொண்டை கொஞ்சம் திறக்கும்.

அக்கா மகனுக்கு வயது 24, மெக்கானிக்கல் டிப்ளமோ, ஒரு வருஷம் ஒரகடத்தில் வேலை பார்த்திருக்கிறான். மினிமார்ட் எஸ் பாஸை விடச் சொன்னேன். பிசிஎம் பெர்மிட்டில் போனால் டிப்ளமோவை வைத்து நாலைந்து வருஷத்தில் சூப்பர்வைசர் அல்லது சேஃப்டி கோ-ஆர்டினேட்டராகி நிஜமான எஸ் பாஸுக்கு மாற வழி இருக்கிறது, நான் வந்த வழி அதுதான். கொஞ்சம் பொறுக்க முடிந்தால் இங்கேயே இன்னும் இரண்டு வருஷம் வேலை கற்றுக்கொண்டு, 3,300 முழுதாகக் கொடுக்கும் கம்பெனிக்கு நேராக விண்ணப்பிப்பது அதைவிட நல்லது. அக்காவுக்கு இந்த இரண்டாவது யோசனை பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் போய் மாடி கட்டிவிட்டான்.

பெர்மிட்டுக்கே போவது என்று முடிவானது, ஐபிஏ பார்த்துத்தான் பணம் என்ற நிபந்தனையுடன். ஏஜென்ட் முதலில் முகம் சுளித்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். போன வாரம் ஐபிஏ வந்தது. போட்டோ எடுத்து அனுப்பினான். பேசிக் 520 என்று இருக்கிறது, அதாவது நாளைக்கு 20 வெள்ளி. தங்குமிடம் இலவசம் என்றவர்கள் அதற்கு 60 வெள்ளி பிடித்தம் என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டால் “அங்க போனதும் சரியாயிடும் தம்பி, எல்லாருக்கும் இப்படித்தான் வரும்” என்கிறார் ஏஜென்ட்.

திருத்தி வாங்கிக் கொடுங்கள், பிறகு பேசுவோம் என்று சொல்லியிருக்கிறான். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. பணம் இன்னும் அக்காவின் பீரோவில்தான் இருக்கிறது.